இமாலயனுக்கு த்ராட்டில் லாக்: எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

ஓசூரிலிருந்து கன்னியாகுமரி வரை போகப் போகிறீர்கள், வண்டி ராயல் என்ஃபீல்டு இமாலயன் 411, ஒன்றரை மணி நேரம் தாண்டினாலே வலது கை மரத்துப் போகிறது, ஆக்சிலேட்டரை முறுக்கிய இடத்திலேயே பிடித்து வைக்கிற த்ராட்டில் லாக் தேடினால் 200 ரூபாயிலிருந்து 10,000 ரூபாய்க்கு மேல் வரை கிடக்கிறது, எதை வாங்குவது, ஆபத்து இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூட்டி வைத்திருக்கும்போதே கையால் திருப்பினால் ஆக்சிலேட்டர் முழுசாக மூடவேண்டும். அப்படி மூடுகிற எதையும் நம்பி வாங்கலாம். மூடாத எதையும் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். எவ்வளவு கெட்டியாகப் பிடிக்கும் என்பதைத்தான் விற்கிறவர்கள் சொல்வார்கள், எவ்வளவு சுலபமாக விடும் என்பதை நீங்கள்தான் பார்த்து வாங்க வேண்டும். மீதி எல்லாம் இதற்குப் பிறகுதான், விலையும் சேர்த்து.

ஆனால் லாக் வாங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கை ஏன் மரத்துப் போகிறது என்று பாருங்கள். எந்த விரல் மரக்கிறது என்பதே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் என்றால் மணிக்கட்டின் நடுவில் போகிற மீடியன் நரம்பு அழுந்துகிறது, மணிக்கட்டை மடக்கிப் பிடித்தபடியே நெடுநேரம் ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். சுண்டுவிரலும் மோதிரவிரலும் என்றால் அது அல்னர் நரம்பு. உள்ளங்கையின் அடிப்பகுதியில், சுண்டுவிரல் பக்கமாகப் போகிறது. உடம்பு எடையை முன்னால் சாய்த்து உள்ளங்கையில் போட்டு ஓட்டினால் இந்த விரல்கள்தான் முதலில் போகும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. வண்டியை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்து மறுநாளும் மரமரப்பு இருந்தால் அது வண்டிச் சாமான் விஷயம் இல்லை, டாக்டரைப் பாருங்கள்.

மணிக்கட்டு மடங்குவதற்கு முக்கால்வாசி காரணம் பிரேக் லீவர் இருக்கிற கோணம்தான். ஷோரூமிலிருந்து வந்தபடியே விட்டிருப்போம். சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி விரலை லீவர்மேல் வையுங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே நேர்கோட்டில் இருந்தால் சரி. விரலைத் தூக்கி மேலே போட வேண்டியிருந்தால் கிளாம்ப் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி லீவரைக் கீழே இறக்குங்கள். ஐந்து நிமிட வேலை, காசு கிடையாது. அப்புறம், புறப்படும்போது எப்படிப் பிடித்தோமோ அப்படியே முறுக்கிக்கொண்டு போய்விடுகிறோம், அதனால் 80-இல் போகும்போது மணிக்கட்டு கீழே தொங்குகிறது. வேகம் பிடித்தபின் பிடியை ஒருதரம் தளர்த்தி, மணிக்கட்டு நேராக இருக்கும்படி மாற்றிப் பிடியுங்கள். பிடிக்கிற அழுத்தம் சூடான டீ தம்ளரைப் பிடிக்கிற அளவுக்கு இருந்தால் போதும்.

அடுத்தது கேபிள். இன்ஜினை நிறுத்திவிட்டு ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கிச் சட்டென்று கையை எடுங்கள். 'டப்' என்று திரும்பி வந்து நிற்கவேண்டும். ஹேண்டிலை முழுக்க இடது பக்கம் திருப்பி ஒருமுறை, வலது பக்கம் திருப்பி ஒருமுறை இதையே செய்யுங்கள். சோம்பலாகத் திரும்பினால் கேபிளில் தூசி ஏறியிருக்கிறது, இல்லை டேங்க் பேக்கோ ஹேண்ட்கார்டோ (கைக்கு முன்னால் மாட்டுகிற தடுப்பு) கேபிளை அழுத்துகிறது, இல்லை கிரிப்பின் நுனி, ஹேண்டில் நுனியில் இருக்கிற பார் எண்ட் வெயிட்டில் உரசுகிறது. இப்படி இருக்கிற வண்டியில் லாக் மாட்டினால் ஏற்கெனவே தானாகத் திரும்பாத ஆக்சிலேட்டருக்கு இன்னொரு தடை போடுகிறீர்கள். கேபிளைச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் ப்ளே (கேபிள் இழுபடுவதற்கு முன் கிரிப் சும்மா அசைகிற அளவு) வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள் மெக்கானிக்கிடம். உங்கள் வண்டி மேனுவலில் இருக்கிற அளவையே வைக்கச் சொல்லுங்கள். ப்ளே இல்லாத வண்டியில் ஹேண்டிலைத் திருப்பினாலே இன்ஜின் ரேஸ் ஆகும். இதைச் சரிசெய்தபின் கை வலி பாதியாகக் குறைந்த வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன், லாக் வாங்காமலே போன ஆட்களும் உண்டு.

சரி, இதெல்லாம் செய்தாகிவிட்டது, இன்னும் வலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

லாக் என்ன செய்கிறது என்பதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. காரில் இருக்கிற க்ரூஸ் கன்ட்ரோல் வேகத்தைப் பிடித்து வைக்கும். மேடு வந்தால் அதுவே பெட்ரோலைக் கூட்டும், இறக்கம் வந்தால் குறைக்கும், பிரேக்கைத் தொட்டால் விட்டுவிடும். இது அப்படி இல்லை. ஆக்சிலேட்டர் எந்த இடத்தில் முறுக்கியிருக்கிறதோ அந்த இடத்தில் உராய்வால் நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். மேட்டில் வண்டி தொங்கும், இறக்கத்தில் ஓடும், எதிர்க்காற்றில் 80 என்பது 70 ஆகும். முக்கியமாக, பிரேக் பிடித்தாலும் ஆக்சிலேட்டர் திறந்தேதான் இருக்கும், இன்ஜின் தள்ளிக்கொண்டே இருக்கும். பதற்றத்தில் கிளட்சைப் பிடித்தீர்கள் என்றால் சுமை போன இன்ஜின் ஒரேயடியாக அலறும், அந்தச் சத்தத்திலேயே இன்னும் பதறுவோம். அதனால்தான் கையால் மூடமுடிகிறதா என்பதை முதல் கேள்வியாக வைக்கிறேன். பிரேக் பிடிக்கும்போது நம் கை இயல்பாகவே ஆக்சிலேட்டரை முன்னால் உருட்டி மூடும். அந்தப் பழகிய அசைவு லாக் போட்டிருக்கும்போதும் அப்படியே வேலை செய்யவேண்டும், தனியாக ஒரு பட்டனைத் தேடுகிற நிலை வரக்கூடாது.

இது புதுச் சமாசாரமும் இல்லை. பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் ஆக்சிலேட்டர் பிடியிலேயே உராய்வைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருந்தது. 1970-களின் பி.எம்.டபிள்யூ பாக்ஸர் வண்டிகளில் ஆக்சிலேட்டருக்கு அடியில் விரலால் திருகுகிற மாதிரியே வைத்திருந்தார்கள். பழைய ஹார்லிகளில் திரும்பி வருகிற ஸ்பிரிங்கே கிடையாது, கையை எடுத்தாலும் வைத்த இடத்தில் நிற்கும். அமெரிக்காவில் 1974 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பாதுகாப்பு விதிதான், கையை விட்டால் ஆக்சிலேட்டர் தானாக ஐடிலுக்கு, அதாவது முழுக்க மூடிய நிலைக்கு, திரும்ப வேண்டும் என்று கட்டாயமாக்கியது. ஏன் அப்படி ஒரு விதி வந்தது என்று யோசித்தாலே போதும். கீழே விழுந்தவனின் வண்டி பின்சக்கரம் சுற்றியபடி ரோட்டில் கிடக்கக்கூடாது. லாக் மாட்டுகிறபோது அந்தப் பாதுகாப்பை நாமே கொஞ்சம் கழற்றுகிறோம், அதைத் தெரிந்துதான் மாட்டவேண்டும்.

இப்போது கடையில் கிடைப்பவை.

மிக மலிவானது பாம் ரெஸ்ட், க்ரூஸ் அசிஸ்ட் என்றும் போட்டு விற்பார்கள். அமெரிக்காவின் கிராம்ப்பஸ்டர் இதில் பெயர் பெற்றது, அதே மாதிரியில் நூறு இருநூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது. கிரிப்மேல் கவ்வுகிற ஒரு வளையம், அதிலிருந்து உள்ளங்கைக்கு ஒரு தட்டு. இது லாக்கே இல்லை. விரலால் இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கை எடையால் ஆக்சிலேட்டரை அழுத்தி வைக்கலாம், கையை எடுத்த உடனே மூடிவிடும். அந்த ஒரு காரணத்துக்காகவே முதல் தடவை வாங்குகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஆனால் இதிலும் இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று, பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது உள்ளங்கை தட்டை அழுத்தி வண்டி திடீரென்று பாயும், யூ டர்ன் எடுக்கும்போது சட்டைக் கை தட்டில் மாட்டினாலும் அப்படித்தான். அதனால் ஊருக்குள் நுழையும்போது தட்டை முன்பக்கமாகச் சுற்றி ஒதுக்கிவிட வேண்டும். இரண்டு, தட்டு அழுத்துகிற இடமும் அல்னர் நரம்பு போகிற இடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உங்களுக்கு மரப்பது சுண்டுவிரல் பக்கம் என்றால் பாம் ரெஸ்ட் அதைக் கூட்டக்கூடும். கட்டைவிரல் பக்கம் என்றால் நன்றாகவே கேட்கும்.

ஓ ரிங் வித்தையும் ஒன்று உண்டு. கிரிப் நுனிக்கும் பார் எண்ட் வெயிட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் ஒரு ரப்பர் வளையத்தை உருட்டித் தள்ளினால் அது ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொள்ளும், வெளியே உருட்டினால் விடும். செலவே இல்லை, நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. வளையம் எவ்வளவு உள்ளே போயிற்று என்பதைப் பொறுத்துப் பிடிப்பு மாறுகிறது, வெயிலில் ஒரு மாதிரி, மழையில் ஒரு மாதிரி, க்ளவுஸ் போட்ட கையால் வெளியே எடுப்பதும் நிச்சயமில்லை. அவசரத்துக்கு வேண்டுமானால் சரி, வழக்கமாக நம்பி ஓட்ட இது வேண்டாம்.

தொடக்கூடாதது என்று நான் சொல்வது, பெயர் இல்லாமல் விற்கிற சில கிளாம்ப் வகைகளை. கிரிப்பைச் சுற்றி மாட்டி, ஒரு வாலை பிரேக் லீவர்மேல் முட்டுக்கொடுத்து நிறுத்துகிற வகை ஒன்று. நல்ல தயாரிப்பில் வால் நழுவி வழிவிடும்படி இருக்கும். மட்டமானதில் வளையம் கல் மாதிரி கடித்துக்கொள்ளும், அல்லது வால் லீவருக்கும் கிரிப்புக்கும் நடுவில் சிக்கி முன் பிரேக் முழுசாக அழுந்தாமல் தடுக்கும். பல்சக்கரம் மாதிரி படிப்படியாகப் பூட்டுகிற வகையும் கண்ணில் படுகிறது, பட்டனை அழுத்தினால்தான் விடும். இந்த மாதிரியை வண்டியில் ஏற்றவே வேண்டாம். முன் பிரேக் லீவரின் பாதையில் எந்தப் பொருளும் இருக்கக்கூடாது என்பதையும் முதல் விதிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

உருப்படியான லாக் என்றால் இரண்டு வடிவம். ஒன்று பார் எண்டில் உட்காருவது, தென்னாப்பிரிக்காவின் காவோக்கோ இதில் பழைய பெயர். உங்கள் வலது பார் எண்ட் வெயிட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதைப் பூட்டுகிறீர்கள். அதில் ஒரு உராய்வு நட் இருக்கும், சுண்டுவிரல் பக்கத்து விரல்களால் அதைச் சுழற்றினால் கிரிப் நுனியை வந்து அழுத்தும், அந்த உராய்வில் ஆக்சிலேட்டர் நிற்கும். எவ்வளவு சுழற்றுகிறீர்களோ அவ்வளவு பிடி. எடையும் அப்படியே இருப்பதால் வைப்ரேஷன் அதிகமாகாது, பார்ப்பதற்கும் கம்பெனிச் சாமான் மாதிரி இருக்கும், கெட்டுப்போக அதில் ஒன்றும் இல்லை. இன்னொன்று கிரிப்பின் உள்பக்கம், சுவிட்ச் பெட்டியை ஒட்டி மாட்டுவது, அமெரிக்காவின் அட்லஸ் இந்த வகை. ஆக்சிலேட்டர் குழாயின் விளிம்பில் ஒரு மெல்லிய ஸ்டீல் வளையமாகக் கவ்வும், கட்டைவிரலால் ஒரு பட்டனைத் தள்ளினால் சின்ன ஒரு தட்டு சுவிட்ச் பெட்டியை அழுத்திப் பிடிக்கும், இன்னொரு பட்டனைத் தள்ளினால் விடும். பூட்டியிருக்கும்போதும் ஆக்சிலேட்டரைக் கூட்டலாம், குறைக்கலாம், முழுக்க மூடலாம். கட்டைவிரலிலேயே முடிந்துவிடுவதுதான் இதன் பெரிய வசதி, கையை நகர்த்தவே தேவையில்லை. பெரிய குறை விலை, அங்கேயே நூறு டாலருக்கு மேல், இங்கே வரவழைத்தால் அதற்குமேல்.

இரண்டில் எது என்பதை உங்கள் ஹேண்டில்பார்தான் முடிவு செய்யும், நீங்களும் நானும் இல்லை. பார் எண்ட் வகைக்கு: ஹேண்ட்கார்டு போட்டிருக்கிறீர்களா? அது பார் நுனியில் போல்ட் ஆகிற வகையா? அப்படியென்றால் சாதாரண பார் எண்ட் லாக் உட்காராது, ஹேண்ட்கார்டோடு சேர்த்து மாட்டுவதற்கென்று செய்த மாடலைக் கேட்கவேண்டும். பாரின் உள்ளே வெயிட்டுக்கு மரை இருக்கிறதா, இல்லை ரப்பர் விரிந்து பிடிக்கிற வகையா, மரை என்றால் என்ன அளவு, இதைக் கழற்றிப் பார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள். மாற்று ஹேண்டில்பார், அதுவும் நடுவில் தடித்த அலுமினியம் பார் போட்டிருந்தால் உள் விட்டம் வேறாக இருக்கும். உள்பக்க வகைக்கு: கிரிப்பின் விளிம்புக்கும் சுவிட்ச் பெட்டிக்கும் நடுவில் கொஞ்சமாவது இடைவெளி வேண்டும், அழுத்துகிற தட்டுக்கு எதிரே சுவிட்ச் பெட்டியில் தட்டையான இடம் வேண்டும். ஹீட்டட் கிரிப் போட்டிருந்தால் விளிம்பு தடித்திருக்கும், வயரும் அங்கேதான் வெளியே வரும். கிரிப்புக்குமேல் ஸ்பாஞ்ச் உறை மாட்டியிருந்தால் இரண்டு வகைக்குமே அதன் நுனியை வெட்ட வேண்டி வரலாம்.

நட் வகை வாங்குகிறவர்கள் கேட்காமல் விடுகிற கேள்வி ஒன்று இருக்கிறது. ஆக்சிலேட்டரைக் கையால் மூடும்போது கிரிப் சுழல்கிறது, கிரிப்போடு உரசிக்கொண்டிருக்கிற நட்டையும் அது கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். மரை எந்தப் பக்கம் வெட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த இழுப்பில் நட் தளரும் அல்லது இறுகும். தளர்ந்தால் நல்லது, மூட மூட லாக் தானே விட்டுவிடும். இறுகினால் நீங்கள் மூடப் பார்க்கும்போதெல்லாம் அது இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். இதைத் தெரியாமல் சாதாரண வலது மரையில் செய்து விற்கிற நகல்கள் இருக்க வாய்ப்பு உண்டு, ஆகவே வாங்கினதும் இதைச் சோதிக்காமல் ரோட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

சோதனை இப்படி. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போடுங்கள், இன்ஜின் ஆஃப். ஆக்சிலேட்டரைக் கால்வாசி முறுக்கி லாக் போடுங்கள், கையை எடுங்கள், நிற்கிறதா. இப்போது லாக்கைத் தொடாமல் ஆக்சிலேட்டரை மட்டும் கையால் மூடுங்கள், அதுவும் இரண்டு விரல் பிரேக் லீவரில் இருக்கும்படி, ரோட்டில் பிடிப்பதுபோலவே. முழுக்க மூடுகிறதா, எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது? மணிக்கட்டை இறுக்கித் திருகவேண்டி வந்தால் பிடிப்பு அதிகம், குறையுங்கள். முக்கால்வாசி முறுக்கி மறுபடி. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து மறுபடி. க்ளவுஸ் போட்டு மறுபடி, க்ளவுஸை நனைத்து மறுபடி. லாக்கை விடுவித்துக் கையை எடுத்தால் முன்பு வந்த அதே 'டப்' வருகிறதா என்று கேளுங்கள். சத்தம் மந்தமாகியிருந்தால் லாக் விட்ட பிறகும் எங்கோ உரசுகிறது என்று பொருள், அதைச் சரிசெய்யாமல் நகர வேண்டாம். முன் பிரேக்கை எவ்வளவு போகுமோ அவ்வளவும் அழுத்திப் பாருங்கள், எதிலும் முட்டக்கூடாது. கடைசியாக இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஸ்லோ ஸ்பீடில் விட்டு, லாக் போடாமல் ஹேண்டிலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புங்கள், ரேஸ் ஆகக்கூடாது. வலது கட்டைவிரலால் கில் சுவிட்சை ஒருதரம் அழுத்தி இன்ஜினை நிறுத்திப் பழகிக்கொள்ளுங்கள், லாக் மாட்டியபின்னும் கட்டைவிரல் தடையில்லாமல் அங்கே போகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

உங்கள் வண்டியில் ஆக்சிலேட்டருக்கு ஒரு கேபிள் போகிறதா, இரண்டா என்றும் அடியில் குனிந்து பாருங்கள். இரண்டு இருந்தால் ஒன்று திறக்க, ஒன்று மூட. கையால் திருப்பும்போது இன்ஜினுக்குக் காற்று விடுகிற வால்வை வலுக்கட்டாயமாக இழுத்து மூடுகிறீர்கள். ஒன்றே ஒன்று என்றால் கை செய்வது கேபிளைத் தளர்த்துவது மட்டும்தான், வால்வை மூடுவது ஸ்பிரிங். அந்த வண்டியில் கேபிள் சுத்தமாக இருப்பது இன்னும் முக்கியம்.

இனி ரோடு. நீங்கள் போகிற வழி முழுவதும் ஒரே நெடுஞ்சாலை, என்.எச். 44, ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, கோவில்பட்டி, திருநெல்வேலி, கன்னியாகுமரி. 600 கிலோமீட்டருக்கு மேல். நான்கு வழிச் சாலையில் பைக்குக்கு மத்திய அரசு 2018-இல் அறிவித்த உச்ச வேகம் 80. அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறீர்கள். இதைச் சொல்வதற்குக் காரணம், வலது கையை எடுக்கிறீர்கள் என்றால் ஆக்சிலேட்டரை மட்டும் விடவில்லை, முன் பிரேக்கையும் விடுகிறீர்கள். வண்டியை நிறுத்துகிற பலத்தில் பெரும்பங்கு முன் பிரேக்கில்தான் இருக்கிறது. கையைத் தொடையில் வைத்துக்கொண்டு ஐந்து நொடி போனால் நூறு மீட்டருக்கு மேல் அது இல்லாமல் போகிறீர்கள். அதனால் லாக் போட்டுக் கையை எடுத்து உதறுகிற ஆசையை விட்டுவிடுங்கள். லாக் போட்டபின் கை கிரிப்மேலேயே இருக்கட்டும், விரல்களை மட்டும் விரித்து, மணிக்கட்டை நிமிர்த்தி, லீவர்மேல் இரண்டு விரலைச் சும்மா போட்டு வையுங்கள். ரத்தம் ஓட அது போதும். கை வலியைத் தீர்ப்பது பிடியைத் தளர்த்துவதுதான், கையைக் காற்றில் ஆட்டுவது இல்லை.

எங்கே போடலாம் எங்கே கூடாது என்பது இந்த ரோட்டில் தெளிவாகவே பிரியும். தருமபுரி தாண்டி தொப்பூர் கணவாய் வருகிறது, உங்கள் திசையில் அது இறக்கம், வளைவு, பிரேக் போன லாரிகளால் பேர் கெட்ட இடம். அதற்கு முன்பே லாக்கை விடுவித்துவிடுங்கள், இன்ஜின் பிரேக்கிங் (ஆக்சிலேட்டரை மூடினால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிப்பது) முழுசாகக் கையில் இருக்கவேண்டிய இடம் அது. சேலத்தைச் சுற்றி, மதுரையைச் சுற்றி எல்லாம் லாக்கை நினைக்கவே வேண்டாம், மீடியன் (ரோட்டு நடுத் தடுப்பு) திறப்பு, சர்வீஸ் ரோட்டிலிருந்து சட்டென்று ஏறுகிற வண்டி, ராங் சைடில் வருகிற டிராக்டர். மதுரைக்குத் தெற்கே விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு என்று கரிசல் காட்டு நடுவே ரோடு நேராகக் கிடக்கிறதே, அங்கேதான் கை மரப்பதும், அங்கேதான் லாக் உதவுவதும். அங்கேயும் ஆட்டு மந்தை ரோட்டைக் கடக்கும், மேய்க்கிறவர் மீடியனில் நின்று கையைக் காட்டுவார். தூரத்தில் ரோட்டோரம் வெள்ளையாக எதுவும் அசைந்தால் லாக்கை விட்டுவிடுங்கள். வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலைகள் தெரிய ஆரம்பித்தால் காற்றாலை ஏன் அங்கே இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற ஜூன் முதல் செப்டம்பர் வரை பக்கக்காற்று வண்டியைத் தள்ளும், இமாலயன் மாதிரி உயரமான வண்டியைக் கூடுதலாகவே தள்ளும், இரண்டு கையும் உறுதியாக இருக்கவேண்டும். மழை, இரவு, பின்னால் ஆள், முன்னால் வண்டி, இதில் எது இருந்தாலும் லாக் போடாதீர்கள்.

உங்களுக்கு என்ன என்று கேட்டால்: கட்டைவிரல் பக்கம் மரக்கிறது என்றால் முதலில் ஒரு பாம் ரெஸ்ட், இதே பயணத்துக்கு. போதவில்லை என்றால் அடுத்த பயணத்துக்கு லாக். சுண்டுவிரல் பக்கம் என்றால் ஹேண்டில்பார் உயரத்தையும் கொஞ்சம் தடித்த கிரிப்பையும் பார்த்துவிட்டு நேராக லாக்குக்குப் போங்கள். பார் நுனியில் போல்ட் ஆகிற ஹேண்ட்கார்டு இல்லை என்றால் பார் எண்ட் நட் வகை, விலைக்கு அதுதான் நியாயம். ஹேண்ட்கார்டு இருந்து அதற்குத் தகுந்த மாடலும் கிடைக்கவில்லை, காசும் இருக்கிறது என்றால் உள்பக்க வகை. நடுவில் 500, 800 ரூபாய்க்குக் கிடைக்கிற பெயர் தெரியாத உலோக கிளாம்ப்புகளில் நல்லது ஒன்றிரண்டு இருக்கலாம், மேலே சொன்ன சோதனையில் தேறினால் வைத்துக்கொள்ளுங்கள், தேறவில்லை என்றால் காசு போனாலும் பரவாயில்லை என்று தூக்கிப் போடுங்கள், அடுத்தவருக்கு விற்காதீர்கள்.

வண்டியை மாற்றுகிற யோசனை ஏற்கெனவே இருந்தால் மட்டும் இதையும் கணக்கில் எடுங்கள். ஆக்சிலேட்டருக்குக் கேபிளே இல்லாமல் சென்சார் வழியாக ஓடுகிற வண்டிகளில் கம்பெனியே உண்மையான க்ரூஸ் கன்ட்ரோல் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.டி.ஆர். 310-இல் இருக்கிறது, 2025 கே.டி.எம். 390 அட்வென்ச்சரில் இருக்கிறது, அதே ஆண்டு ஹீரோ க்ளாமர் எக்ஸ் 125 வரை இறங்கி வந்துவிட்டது. பிரேக்கைத் தொட்டால் விட்டுவிடும் என்பதால் எந்த உராய்வு லாக்கையும்விட இது மேல். இமாலயன் 450-க்கு மாறுவதாக இருந்தால், அதிலும் ஆக்சிலேட்டர் சென்சார் வகைதான், ஆனால் வெளிவந்தபோது க்ரூஸ் கன்ட்ரோல் கொடுக்கவில்லை. அதில் லாக் மாட்டினால் ஸ்பிரிங் மெத்தென்று இருப்பதால் லேசான பிடியே போதும். 411-இல் வைத்த அளவுக்கு இறுக்கினால் கையால் மூடுவது கஷ்டமாகிவிடும்.

மாட்டுகிற அன்று பார் எண்ட் ஸ்க்ரூ வராமல் தகராறு பண்ணும், அதில் பசை போட்டிருப்பார்கள். சரியான அளவு ஆலன் கீயையோ பிட்டையோ முழுசாக உள்ளே உட்கார வைத்துத் திருப்புங்கள், ஒரு அளவு சின்னதைப் போட்டு முயன்றால் தலை உருண்டுவிடும், அப்புறம் லேத்துக்குத்தான் போகவேண்டும். அசையவில்லை என்றால் ஹேர் டிரையரால் ஸ்க்ரூ தலையை நன்றாகச் சூடாக்கிவிட்டு மறுபடி திருப்புங்கள், பசை இளகக்கூடும். கிரிப் ரப்பரில் சூடு படாமல் ஈரத் துணி ஒன்றைச் சுற்றிக்கொள்ளுங்கள். புது லாக்கை மாட்டியபின் கிரிப் நுனிக்கும் அதற்கும் நடுவில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளிச்சம் தெரியவேண்டும். கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டி முதல் டீக்கு நிறுத்தும்போது ஸ்க்ரூவையும் அந்த இடைவெளியையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.